சூதும் சட்டமும்: விலக்குகள் பிறந்த கதை

தமிழ்நாட்டில் சூதாட்டத்தைத் தண்டிக்கும் பழைய சட்டங்கள் இரண்டு. ஒன்று, 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம். மற்றொன்று, 1930ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கென இயற்றப்பட்டு, இன்று தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் என வழங்கும் சட்டம். முதலாவது தலைநகருக்கு; இரண்டாவது தலைநகர் நீங்கலாக மற்ற எல்லா ஊர்களுக்கும். 1888ஆம் ஆண்டுச் சட்டத்தை 1997இல் சேலம், திருச்சி, திருநெல்வேலி மாநகரங்களுக்கும் நீட்டித்தார்கள். அந்த நீட்டிப்பு சேலத்தை அடுத்த சேர்வராயன் மலைமேல் ஏறவில்லை. ஏற்காடும் மஞ்சக்குட்டை முதலான மலை ஊராட்சிகளும் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே இருக்கின்றன. மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் வட்டம் என்பதால் அங்கே தனி ஏற்பாடு ஏதும் உண்டா என்றால், இல்லை. அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் சேர்ந்த பகுதி எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. ஆகவே கீழே சமவெளிக் கிராமத்துக்கு என்ன சட்டமோ அதுவேதான் மலைக்கிராமத்துக்கும்.

பணம் வைத்து ஆடக் கூடாது என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். சட்டம் நீண்டது அதற்காக அல்ல. யார் ஆடலாம், எங்கே ஆடலாம், எதை ஆடினால் அது சூதாகாது என்பதைச் சொல்லத்தான் இத்தனை பிரிவுகள், இத்தனை திருத்தங்கள், இத்தனை வழக்குகள். குதிரைப் பந்தயம், பரிசுச் சீட்டு, திறமை விளையாட்டு ஆகிய மூன்றும்தான் அந்த விலக்குகளில் பெரியவை. தமிழ்நாட்டுச் சூதாட்டச் சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் இவற்றின் வரலாறே.

சூதைக் கண்டிப்பது இங்கே புதிதல்ல. திருக்குறளில் 94ஆம் அதிகாரம் முழுவதும் சூது பற்றியது. ஆனால் அறநூல் கண்டித்ததை அரசு தண்டித்தே தீரவேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தது. அர்த்தசாஸ்திரம் சூதாட்டத்தைத் தடை செய்யவில்லை. அதை ஓர் அதிகாரியின் கீழ் வைத்தது. குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே ஆட வேண்டும். காய்களை அந்த அதிகாரியே தர வேண்டும். வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. வேறிடத்தில் ஆடினால்தான் அபராதம். பிற்காலத்துக் குதிரைப் பந்தய மைதானமும் அரசு லாட்டரியும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் இயங்கின.

கும்பெனி ஆட்சிக் காலத்தில் நிலைமை இன்னும் தளர்வாக இருந்தது. இந்தியாவில் வைத்த பந்தயத்துக்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துப் பணத்தை வசூலிக்கவும் முடிந்தது. பாட்னா அபினி என்ன விலைக்கு ஏலம் போகும் என்று பம்பாய் வணிகர்கள் பந்தயம் கட்டினார்கள். அந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பந்தயம் செல்லும் என்று 1848இல் தீர்ப்பானது. அதே ஆண்டில் கும்பெனி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, பந்தயப் பணத்துக்காக வழக்குப் போட முடியாதபடி செய்தது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 30ஆம் பிரிவாக இந்த விதி இடம்பெற்றது. விதியோடு ஒட்டிக்கொண்டு ஒரு விலக்கும் வந்தது: குதிரைப் பந்தயத்தில் வெல்பவருக்கு 500 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசு தருவதற்காகப் பணம் திரட்டினால் அது செல்லும். 1872இல் 500 ரூபாய் என்பது எளிய மனிதன் கண்ணால் காணாத தொகை. பெரிய இடத்துப் பந்தயத்தைக் காப்பாற்றி, சிறிய இடத்துப் பந்தயத்தைக் கைவிட்ட விலக்கு இது. அந்தப் பிரிவு இன்றும் அதே எண்ணில், அதே தொகையோடு இருக்கிறது.

பந்தய ஒப்பந்தம் செல்லாது என்பது வேறு, சூதாடுவது குற்றம் என்பது வேறு. குற்றமாக்கும் வேலையை வட இந்தியாவின் பல பகுதிகளுக்கு 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் செய்தது. சென்னை மாகாணம் தன் வழியில் போனது: நகருக்கு 1888ஆம் ஆண்டுக் காவல் சட்டம், பிற பட்டணங்களுக்கு 1889ஆம் ஆண்டு நகரத் தொல்லைகள் சட்டம். பிந்தையது சூதாட்டத்தைச் சாலையில் குப்பை கொட்டுவது, வழியை மறிப்பது போன்றவற்றின் வரிசையில் வைத்துப் பார்த்தது. பாவம் என்பதைவிடப் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு என்பதே அன்றைய அதிகாரிகளின் கவலையாக இருந்தது போலும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்கள் எழுந்து, ஏற்காடு வெள்ளைக்காரர்களின் கோடைக்கால ஊராக வளர்ந்ததும் அந்த 19ஆம் நூற்றாண்டில்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் அங்கே காப்பியைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். மலையூர்களையும் சிற்றூர்களையும் சேர்த்து, தலைநகர் நீங்கலாக மாகாணம் முழுவதற்கும் ஒரே சூதாட்டச் சட்டம் வந்தது அதற்கு நூறாண்டு கழித்து, 1930இல்.

1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் அச்சாணி ‘பொதுச் சூதாட்ட வீடு’ என்ற கருத்து. சீட்டு, பகடை முதலான சூதாட்டக் கருவிகள் ஒரு வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீட்டை வைத்திருப்பவருக்கு அதனால் வருமானம் வர வேண்டும். ஆட்டத்துக்கு இவ்வளவு என்றோ, இடத்துக்கு இவ்வளவு என்றோ, சீட்டுக்கட்டுக்கு இவ்வளவு என்றோ அந்த வருமானம் எந்த வடிவில் வந்தாலும் சரி. இந்த இரண்டாவது நிபந்தனைக்குள்தான் யாரும் பெயரிட்டு அழைக்காத ஒரு பெரிய விலக்கு ஒளிந்திருக்கிறது. தீபாவளி இரவில் உறவினர்கள் கூடி வீட்டுக் கூடத்தில் சீட்டாடுகிறார்கள். வீட்டுக்காரர் கமிஷன் எடுப்பதில்லை. அந்த வீடு பொதுச் சூதாட்ட வீடு ஆகாது. அதே வீட்டில் வாரந்தோறும் வெளியாட்கள் வந்து, ஆட்டத்துக்கு ஒரு தொகையை ஓரமாக எடுத்துவைத்தால் ஆகும்.

சட்டத்தின் 8ஆம் பிரிவு அத்தகைய வீட்டை நடத்துபவருக்கானது: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 9ஆம் பிரிவு அங்கே ஆடுபவருக்கும், ஆடுவதற்காக வந்திருப்பவருக்கும்: ஒரு மாதம் அல்லது 200 ரூபாய். உள்ளே நுழைந்து சோதனையிட 5ஆம் பிரிவின்படி வாரண்ட் வேண்டும். 6ஆம் பிரிவுதான் போலீசுக்குப் பெரிய துணை. வாரண்டோடு போன இடத்தில் சீட்டுக்கட்டோ பகடையோ கிடைத்தால், மாற்றாக நிரூபிக்கப்படும் வரை அது சூதாட்ட வீடே என்று நீதிமன்றம் கொள்ளலாம். ஆகவே இந்த வழக்குகளில் சோதனையிட்ட இடத்தில் எழுதும் மகஜர்தான் உயிர். விரிப்பின் மேல் கிடந்த சீட்டுகளை எண்ணி 52 என்று எழுதுவார்கள், நடுவில் கிடந்த பணத்தைத் தனியாக, ஆட்களின் சட்டைப்பையில் இருந்ததைத் தனியாக எண்ணுவார்கள், விரிப்பையும் சேர்த்துச் சுருட்டி அரக்கு முத்திரை வைப்பார்கள், சாட்சிகள் கையெழுத்திடுவார்கள். ‘பணம் வைத்துச் சூதாடிய’ என்று தொடங்கும் நாளிதழ்ச் செய்திகளில் சீட்டுக்கட்டும் ரொக்கமும் தவறாமல் இடம்பெறுவது இதனால்தான்.

வீட்டை விட்டு வீதிக்கு வந்தால் 12ஆம் பிரிவு. பொதுத் தெருவிலோ பொது இடத்திலோ சீட்டு, பகடை, காசு வைத்து ஆடுபவருக்கும், வெளிப்படையாகச் சேவல் சண்டை விடுபவருக்கும் 50 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை. சேவலைச் சீட்டோடு ஒரே பிரிவில் சேர்த்ததில் அன்றைய மாகாணத்து நடைமுறை தெரிகிறது. சேவல்கட்டு என்றாலே அதைச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் பந்தயமும் சேர்ந்துதான். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் சேவல் சண்டையை வேறொரு காரணத்துக்காகக் குற்றமாக்கியது. இருந்தும் பொங்கல் சமயத்தில் கரூர் மாவட்டம் பூலாம்வலசு போன்ற ஊர்களின் சேவல்கட்டு உயர் நீதிமன்றப் படியேறி அனுமதி கேட்டதுண்டு. சேவலின் காலில் கத்தி கட்டக் கூடாது, பந்தயம் கட்டக் கூடாது என்பவையே அப்போது பேசப்படும் நிபந்தனைகள். பணத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவது மரபு என்று நீதிமன்றங்கள் பார்க்கப் பழகிவிட்டன. கட்டு நடக்கும் களத்தில் அப்படிக் கழிப்பது எளிதல்ல.

சட்டத்தின் மிகச் சுவையான பகுதி 4ஆம் பிரிவு. எதெதன் மேல் பந்தயம் பிடிக்க இடம் வைத்திருந்தால் குற்றம் என்று அது பட்டியலிடுகிறது: குதிரைப் பந்தயம், பருத்தி, தங்கம், வெள்ளி முதலான பண்டங்களின் சந்தை விலை, அந்த விலையைக் குறிக்கும் எண்ணின் இலக்கங்கள், விலையின் ஏற்ற இறக்கம், பங்குகளின் விலை, சாலையில் ஓடும் மோட்டார் வாகனத்தின் பதிவு எண், அதன் இலக்கங்கள். பட்டியல் நீளமாக இருப்பதற்குக் காரணம் சூதாடிகளின் கற்பனை வளமே. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தி வழியே பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தன. அந்த எண்களின் மேல் பந்தயம் கட்டிய கூட்டம், 1960களில் அந்த வரத்து நின்றதும் பானையில் துண்டுச் சீட்டுப் போட்டு எண் எடுக்கத் தொடங்கியது. பருத்திக்கும் அதற்கும் இருந்த உறவு அன்றே முடிந்தது. தமிழ்நாட்டில் அதற்குக் ‘காட்டன்’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது. வாகன எண் சூதுக்குப் பானைகூடத் தேவையில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு அடுத்து வரும் லாரியின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று சொன்னால் போதும். வங்காளத்தில் மழையின் மேலேயே பந்தயம் கட்டினார்கள். கல்கத்தாவின் மழைச் சூதை நிறுத்த 1897இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. ஏற்காட்டு மழைக்கு அப்படியொரு சட்டம் தேவைப்படவில்லை.

இந்தப் பட்டியலின் தலையில் குதிரைப் பந்தயம் இருக்கிறது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் அதற்கு விலக்கும் இருந்தது. பந்தயம் ஓடும் நாளன்றே, பந்தய மைதானத்தின் வேலிக்குள், அரசின் ஒப்புதலோடு ஒதுக்கிய இடத்தில் பணம் கட்டினால் அது சூதாட்டமல்ல. மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் அதே குதிரையின் மேல் அதே பணத்தைக் கட்டினால் குற்றம். சென்னை கிண்டியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குதிரைகள் ஓடின. இன்றைய மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. ஊட்டியிலும் கோடைக்காலப் பந்தயம் நடந்தது. ஏற்காட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அதன் மலைச்சரிவுகளில் பந்தய மைதானத்துக்கு ஏற்ற சமதளம் கிடைப்பதும் அரிது. 1935இல் பந்தய வரிச் சட்டம் வந்தபிறகு விலக்கு அரசுக்கு வருமானமாகவும் ஆனது.

விடுதலைக்குப் பின் இந்த விலக்கு கண்ணை உறுத்தத் தொடங்கியது. குதிரைப் பந்தயத்தையும் சூதாட்டமாகக் கொள்ளும் திருத்தச் சட்டம் 1949இல் நிறைவேறியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளிவர 1975 வரை ஆயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு சட்டம் பேழைக்குள் கிடந்ததற்கு வரி வருமானமும் கிளப் உறுப்பினர்களின் செல்வாக்கும் காரணம் என்று எண்ண இடமுண்டு. இதற்கிடையில் 1974இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. கட்சி மாறினாலும் குறி மாறவில்லை. இந்தச் சட்டங்களை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரியில் தீர்ப்பானது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி, ஓடுகளத்தின் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து கணிப்பதே வெற்றியைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆகவே குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டு. அதன்மேல் பணம் கட்டுவது சூதாட்டமாகாது என்று நீதிமன்றம் கூறியது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்றானது.

சட்டம் செய்ய முடியாததைக் குத்தகைப் பத்திரம் செய்தது. கிண்டி மைதானத்தின் 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் 1945ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. வாடகை உயர்வும் பாக்கியும் பற்றி நீண்ட வழக்கு நடந்தது. பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு கணக்குக் காட்டியது. 2024 ஜூலையில் ஊட்டி மைதானமும், செப்டம்பரில் கிண்டி மைதானமும் அரசின் கைக்கு வந்தன. குதிரைப் பந்தயம் சூதா திறமையா என்ற கேள்விக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பில்லை.

திறமை என்ற சொல் சட்டத்தில் 11ஆம் பிரிவிலிருந்து வருகிறது. வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு, அவை எங்கே நடந்தாலும், சூதாட்ட வீடு பற்றிய பிரிவுகள் பொருந்தாது என்பது அதன் சாரம். 1930இல் இதை எழுதியவர்கள் சதுரங்கத்தையும் பில்லியர்ட்ஸையும் மனத்தில் வைத்திருக்கலாம். கோடிக்கணக்கான ரூபாய் வணிகம் ஒன்று இந்த ஒற்றை வரியின் மேல் எழும்பும் என்று எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. ‘வெறும் திறமை’ என்றால் நூற்றுக்கு நூறு திறமையா? சீட்டைக் கலைத்துப் போடும்போதே அதிர்ஷ்டம் நுழைந்துவிடுகிறதே? இதற்கு உச்ச நீதிமன்றம் முதலில் 1957இல், பரிசுப் போட்டி நடத்திய சாமர்பாக்வாலா வழக்கில் வழிகாட்டியது: திறமை மேலோங்கி நின்றால் போதும். அதே தீர்ப்பு, சூதாட்டம் வணிகமே அல்ல, அதற்கு அரசமைப்பு தரும் தொழில் உரிமை கிடையாது என்றும் சொன்னது. அன்று முதல் திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் நடுவிலுள்ள கோடு பணம் பண்ணும் உரிமையின் எல்லைக்கோடாகவும் ஆகிவிட்டது.

ரம்மி அந்தக் கோட்டின் மேல் ஏறி நின்றது 1967 நவம்பரில். செகந்திராபாத் கிளப் ஒன்றில் 1963இல் போலீஸ் நடத்திய சோதனையிலிருந்து எழுந்த வழக்கு அது. ரம்மியில் எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும். எதைப் பிடித்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஆகவே அது முதன்மையாகத் திறமை ஆட்டம் என்றார் நீதிபதி இதாயதுல்லா. மூணு சீட்டு அப்படியல்ல, முழுக்க அதிர்ஷ்டம் என்றும் கூறினார். தீர்ப்பின் இந்தப் பாதியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: பணயம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து கிளப்போ வீட்டுக்காரரோ லாபம் எடுத்தால் குற்றம் நிலைக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த வழக்கில் கிளப் வாங்கியது சிறு கட்டணம். அதை லாபமாக நீதிமன்றம் கொள்ளவில்லை.

சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான மனமகிழ் மன்றங்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பிடிமானம். மன்றத்தில் ரம்மி ஆடுகிறோம், போலீஸ் குறுக்கிடக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுவது வழக்கமாயிற்று. நீதிமன்றம் இரு பக்கமும் ஒரு வரி எழுதும்: சட்டப்படி ஆடினால் போலீஸ் தலையிடக் கூடாது, சட்டத்தை மீறினால் போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம். இரு தரப்பும் வென்றதாகச் சொல்லிக்கொண்டு வெளியே வரக்கூடிய உத்தரவு இது. 2012 மார்ச்சில் மகாலட்சுமி கலாச்சார சங்கம் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, பணம் வைத்து ஆடினால் ரம்மியும் சூதாட்டமே என்றது. சங்கம் மேல்முறையீடு செய்தது; 2015இல் மூல வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் உயர் நீதிமன்றத்தின் அந்தக் கருத்தும் வலுவிழந்தது. உறுதியான விடை கிடைக்கும் வாய்ப்பு அப்படி நழுவியது.

எஞ்சிய விலக்கான பரிசுச் சீட்டு, அதாவது லாட்டரி, தனி ரகம். 1930ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டத்தை வரையறுக்கும்போதே லாட்டரியை வெளியே நிறுத்திவிட்டது. ஏனெனில் அனுமதியற்ற லாட்டரி நடத்துவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி 1870 முதலே குற்றமாக இருந்தது. அரசு அனுமதித்தால் குற்றமில்லை. அரசே நடத்தும் லாட்டரி அரசமைப்பின் மத்தியப் பட்டியலில் 40ஆம் இனம்; பந்தயமும் சூதும் மாநிலப் பட்டியலில் 34ஆம் இனம். 1968இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற அதன் விளம்பர வாசகம் பரிசுச் சீட்டையே மறந்துபோன தலைமுறைக்கும் தெரியும். சிங்கப்பூரின் லாட்டரி நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸ் தொடங்கியதும் அதே 1968இல்தான். கள்ளச் சூதாட்டத்தை ஒடுக்குவதே அதன் நோக்கம் என்று அந்நாட்டு அரசு வெளிப்படையாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரி 8 முதல் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. 1998ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் லாட்டரி வேண்டாம் என்றால் எல்லா மாநில லாட்டரிகளையும் சேர்த்தே தடுக்க வேண்டும். தன்னுடையதை மட்டும் விற்றுக்கொண்டு பிறருடையதை மறிக்க முடியாது. பக்கத்துக் கேரளத்தில் 1960களில் தொடங்கிய அரசு லாட்டரி இன்றும் ஓடுகிறது. தமிழ்நாட்டில் அந்த இடத்தை மூணு நம்பர் லாட்டரி என்னும் கள்ள வியாபாரம் பிடித்துக்கொண்டது.

ஏலச்சீட்டும் குலுக்கல் சீட்டும் லாட்டரிக்கு அக்கம்பக்கத்தில் வாழ்பவை. மாதாமாதம் எல்லாரும் பணம் கட்டி, குலுக்கலில் பெயர் வந்தவர் தொகையை எடுத்துக்கொண்டு, தவணையையும் தொடர்ந்து கட்டினால் அது சேமிப்பு, லாட்டரி அல்ல. பெயர் வந்தவர் மீதித் தவணை கட்டாமல் விலகிக்கொள்ளலாம் என்றால் அது லாட்டரி. 1930களில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதைத் தெளிவாக்கியது. முதல் வகை பின்னால் சிட்பண்டுச் சட்டத்துக்குள் வந்தது. இரண்டாம் வகையை 1978ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்தது.

கைப்பேசி வந்தபிறகு இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டம் கண்டது. பொதுச் சூதாட்ட வீடு என்றால் நான்கு சுவர் வேண்டும். விரிப்பு, சீட்டுக்கட்டு, வாரண்ட் எல்லாம் அந்தச் சுவருக்குள்தான். மலைமேல் ஒருவர் கையிலுள்ள திரையில் ரம்மி ஆடும்போது வீடு எது, வீட்டுக்காரர் யார், மகஜரில் எதை எண்ணுவது? 2020 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் தேவை என்று அரசை வலியுறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டமும் 2021 தொடக்கத்தில் சட்டமும் வந்தன. அந்தச் சட்டம் பணம் வைத்து ஆடும் திறமை விளையாட்டையும் சேர்த்தே தடுத்து, 11ஆம் பிரிவின் பாதுகாப்பையே பிடுங்கியது. அளவுக்கு மீறிய தடை என்று சொல்லி 2021 ஆகஸ்டு 3இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

அடுத்த முயற்சி நிதானமாக நடந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூன் மாதம் அறிக்கை தந்தது. அக்டோபரில் அவசரச் சட்டம், பின் மசோதா. ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் அதே மாதம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய். விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு அல்லது 5 லட்சம். நடத்துபவருக்கு மூன்றாண்டு அல்லது 10 லட்சம் என்று தண்டனை உயர்ந்தது. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். 1930ஆம் ஆண்டின் 200 ரூபாயோடு ஒப்பிட்டால் சட்டத்தின் கோபம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது புரியும். முன்பு ஆடியவரும் இடம் கொடுத்தவரும் ஏறக்குறைய ஒரே தட்டில் இருந்தார்கள்; இப்போது நிறுவனமே முதல் குற்றவாளி. 2023 நவம்பர் 9இல் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்திருந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. தடுக்க முடியாததை ஒழுங்குபடுத்தலாம் என்ற அந்த வழியில், நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை பணம் வைத்து ஆட முடியாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற விதிகள் 2025 பிப்ரவரியில் வந்தன. ஜூன் மாதம் நீதிமன்றம் அவற்றையும் ஏற்றது.

பிற இடங்களில் விலக்குகள் வேறு உருவம் எடுத்திருக்கின்றன. மேகாலயத்தில் காசி மக்களின் வில்வித்தைப் போட்டியான தீர் மேல் எண் பந்தயம் கட்டுவதை 1982இல் அரசு சட்டபூர்வமாக்கி வரி விதித்தது. மலைமக்களின் பழக்கமே விலக்கான அரிய எடுத்துக்காட்டு அது. கோவா 1992இல் ஐந்து நட்சத்திர விடுதிகளுக்கும், பின்னர் நீரில் மிதக்கும் கப்பல்களுக்கும் இடம் கொடுத்தது. மலேசியாவின் காசினோ 1970களின் தொடக்கத்தில் கெந்திங் மலையுச்சியில் அமைந்தது. காசினோவுக்குள் நுழைய இஸ்லாமியர்களுக்கு மட்டும் தடை. தமிழ்நாட்டின் மலைவாசஸ்தலங்கள் எதற்கும் அப்படியொரு அனுமதி தரப்பட்டதில்லை.

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அனுமதியற்ற பந்தயத்தையும் சூதாட்டத்தையும் கும்பலாகச் செய்யும் சிறு குற்றங்களின் வரிசையில் 112ஆம் பிரிவில் சேர்த்தது. 2025 ஆகஸ்டு 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய இணைய விளையாட்டுச் சட்டம் அதைவிடத் தொலைவு போனது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, நடத்தக் கூடாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. 1957 முதல் நீதிமன்றங்கள் செதுக்கிவந்த திறமை விலக்கை இணையத்தைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் ஒரே வீச்சில் துடைத்தது. அது செல்லுமா என்ற மனுக்களை உயர் நீதிமன்றங்களிலிருந்து 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. திரைக்கு வெளியே, மஞ்சக்குட்டையில் நால்வர் தரையில் துண்டை விரித்து ரம்மி ஆடினால் அதற்கு இன்றும் பொருந்துவது 1930ஆம் ஆண்டுச் சட்டமே.